கப் கேக்கின் சுவைக் கணக்கு

காகிதக் கிண்ணத்துக்குள் வெந்த மென்மையான அடிப்பகுதி, அதன் மேல் பூசப்பட்ட இனிப்பான ஐசிங் என இரண்டே உறுப்புகளைக் கொண்டது கப் கேக். பெரிய கேக்கைத் துண்டு போடும்போது ஒருவருக்கு ஐசிங் மண்டிய ஓரமும் இன்னொருவருக்கு வெறும் நடுப்பகுதியும் வாய்ப்பதுண்டு. கப் கேக்கிலோ, எத்தனை பேர் உண்டாலும், ஒவ்வொருவர் கைக்கும் ஒரே அளவு கேக்கும் ஒரே அளவு ஐசிங்கும் போய்ச் சேர்கின்றன. செய்பவர் வகுத்த விகிதமே உண்பவர் வாய்க்கும் வருவதால், இந்தச் சிறு பண்டத்தில் சுவை என்பது வெனிலாவா சாக்லேட்டா என்ற தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. ஐசிங்கின் இனிப்பை அடிப்பகுதி எதைக் கொண்டு ஈடுகட்டுகிறது, அடிப்பகுதியின் இனிப்பை ஐசிங் எதைக் கொண்டு தணிக்கிறது என்பதையும் பொறுத்தே அது அமைகிறது. பல தலைமுறைகளாக மக்கள் விரும்பிக் கேட்கும் சுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், புளிப்போ கசப்போ உப்போ ஏதேனும் ஒன்று இனிப்புக்கு எதிர்நின்று அதை அளவுக்குள் வைத்திருப்பது தெரியவரும். வெனிலா ஒன்றே இதற்கு விலக்குப் போலத் தோன்றும். உற்று நோக்கினால் அதுவும் விலக்கன்று.

அமெரிக்காவில் 1796-ஆம் ஆண்டு வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலில், சிறு கோப்பைகளில் ஊற்றி வேகவைக்கத்தக்க இலேசான கேக் ஒன்றின் செய்முறை இடம்பெற்றுள்ளது. 1828-இல் எலைசா லெஸ்லி வெளியிட்ட இனிப்புப் பண்டங்களுக்கான நூலில் கப் கேக் என்ற பெயரே காணப்படுகிறது. தராசில் நிறுப்பதை விட்டுக் கோப்பையால் முகந்து அளக்கும் பழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியபோது, வெண்ணெய் ஒரு கோப்பை, சர்க்கரை இரண்டு, மாவு மூன்று, முட்டை நான்கு என்ற எளிய அடுக்கு எவரும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க பாடமாக நிலைபெற்றது. விறகு அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்துவது கடினமாயிருந்த காலத்தில், பெரிய கேக்கின் நடுப்பகுதி வேகும் முன்னரே விளிம்பு கருகிவிடும் அபாயம் இருந்தது. கோப்பையளவு மாவோ விரைவில் சீராக வெந்துவிடும் என்பதால், சிறிய உருவம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உலர்திராட்சையும் ஜாதிபத்திரியும் பன்னீரும் சேர்த்த 'குவீன் கேக்' என்னும் சிறு கேக்குகள் வழக்கிலிருந்தன. பின்னாளில் அங்கே குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துகளிலும் பள்ளி விழாக்களிலும் இடம்பிடித்த 'ஃபேரி கேக்', அமெரிக்கக் கப் கேக்கைவிடச் சிறியது, மேலே மெல்லிய ஐசிங் மட்டுமே கொண்டது.

சுவையைப் பற்றிப் பேசுமுன், அந்தச் சுவையைத் தாங்கும் அடிப்பகுதி எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஃபேரி கேக்குக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு மூன்றும் சம எடையில், ஏறத்தாழ 110 கிராம் வீதம் எடுத்து, இரண்டு முட்டை சேர்த்தால் 12 சிறு கேக்குகள் கிடைக்கும். முதலில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க அடிக்கப்படுகின்றன. வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழிவிழும் பதத்தில், உருகாமல் இருக்க வேண்டும், ஏனெனில் சர்க்கரைப் படிகங்களின் கூர்விளிம்புகள் அந்தப் பதத்திலுள்ள வெண்ணெயைக் கீறிக் கீறித்தான் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுத்து, பருமன் கூடி, கரண்டியிலிருந்து இலேசாக உதிரும் நிலைக்கு வருவதே காற்று போதிய அளவு ஏறிவிட்டதற்கு அடையாளம். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உருவாக்குவதில்லை; இவ்வாறு முன்பே அமைந்த குமிழிகளை வாயுவால் ஊதிப் பெரிதாக்குவதே அதன் வேலை. அந்தப் பவுடரை 1843-இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்னும் வேதியியலாளர், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக உருவாக்கினார். சர்க்கரை இனிப்பைத் தருவதோடு நில்லாமல், மாவிலுள்ள புரதம் இறுகிப் பசையாவதைத் தடுத்துக் கேக்கை மென்மையாக்கவும் செய்கிறது. ஆகவே அடிப்பகுதியில் சர்க்கரையை மனம்போல் குறைத்துவிட இயலாது. இனிப்பைத் தணிக்க விரும்புபவர் ஐசிங்கில்தான் கை வைக்க வேண்டும்.

ஐசிங்கில் பல வகை உண்டு. ஐசிங் சுகர் எனப்படும் மாவுபோன்ற சர்க்கரையில் சில துளி நீரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் குழைத்துப் பூசுவது கிளேஸ் ஐசிங். ஃபேரி கேக்கின் மேல் பளபளக்கும் மெல்லிய வெள்ளைத் தகடு இதுவே. வெண்ணெயோடு அதைப்போல் இருமடங்கு எடையுள்ள ஐசிங் சுகர் சேர்த்து அடிப்பது அமெரிக்க பட்டர் க்ரீம். இதைப் பைப்பிங் பையில் நிரப்பி, கூம்பு வடிவில் சுருள் சுருளாகப் பிழிந்து ஏற்றுவதே இன்று கப் கேக் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் உருவம். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கி, நுரைக்க அடித்து, ஆறிய பின் வெண்ணெய் சேர்ப்பது சுவிஸ் மெரிங் பட்டர் க்ரீம். இதில் சர்க்கரை குறைவு, பட்டுப்போன்ற வழவழப்பு அதிகம். மெல்லிய தகடாகப் பூசும்போது ஐசிங் ஒரு தொடுகறிபோல் அடங்கி நிற்கிறது. கூம்பாக உயர்த்தும்போதோ அதன் எடை கேக்கின் பாதியை எட்டிவிடுவதால், அதன் சுவையே மேலோங்கி அடிப்பகுதி பின்தங்கிவிடுகிறது. அட்லாண்டிக் கடலின் இருகரைகளிலும் ஒரே பண்டத்துக்கு இருவேறு சுவை மரபுகள் வளர்ந்ததற்கு இந்தப் பருமன் வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

வெனிலா, எல்லாக் கடைகளிலும் முதலில் நிற்கும் சுவை. ஆனால் அதன் பின்னணி அறியப்படாமலே போய்விட்டது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஒருவகை ஆர்க்கிட் கொடியின் காய்தான் வெனிலா. அதன் பூ ஒரே ஒரு நாள், அதுவும் சில மணி நேரமே மலர்ந்திருக்கும். தாயகத்துக்கு வெளியே கொண்டுசென்று நட்ட கொடிகள் செழித்துப் படர்ந்து பூத்தும் காய்க்கவில்லை, ஏனெனில் மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய சவ்வைக் கடந்து மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அங்கே இல்லை. இந்தியப் பெருங்கடலில், அன்று பூர்போன் எனப்பட்ட இன்றைய ரீயூனியன் தீவில், 1841-ஆம் ஆண்டு எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், மூங்கில் குச்சியால் அந்தச் சவ்வை மெல்ல நெம்பித் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்திவிடும் முறையைக் கண்டறிந்தான். இன்றும் மடகாஸ்கர் முதல் தென்னிந்தியா வரை உலகின் வெனிலாத் தோட்டங்களில் ஒவ்வொரு பூவும் இவ்வாறே கையால் காய்ப்பிடிக்க வைக்கப்படுகிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1848-இல் விடுதலை பெற்று அல்பியஸ் என்ற குடும்பப் பெயரையும் பெற்ற அவர், தம் கண்டுபிடிப்பால் பெருஞ்செல்வம் ஈட்டிய தீவிலேயே 1880-இல் வறுமையில் இறந்தார். ஒரு சிறுவனின் விரல்நுனியில் பிறந்த இந்த அறிவுக்கு உலகம் பட்ட கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பறித்த பச்சைக் காயில் மணம் இல்லை. வெந்நீரில் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் வைத்திருக்கும்போதே, காய்க்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடந்த வெனிலின் என்னும் வேதிப்பொருள் நொதிகளின் செயலால் விடுபட்டு மணக்கத் தொடங்குகிறது. இவ்வளவு உழைப்பைக் கோருவதால் அதன் விலையும் அதிகம். தென்னிந்தியாவில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டு மலைச்சரிவுகள் சிலவற்றிலும் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் விலை உயர்வை நம்பி வெனிலா நட்டவர்கள், அடுத்து வந்த விலை வீழ்ச்சியில் பெரிதும் நலிந்தனர். இயற்கை வெனிலாவில் வெனிலினோடு இருநூறு அளவிலான பிற மணப்பொருள்கள் கலந்திருக்க, சந்தையில் கிடைக்கும் மலிவான எசன்ஸில் இருப்பதோ பெரும்பாலும் வெனிலின் மட்டுமே. அந்த வெனிலினை 1874-இல் ஃபெர்டினான்ட் டீமான், வில்ஹெல்ம் ஹார்மான் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச்சாற்றிலுள்ள பொருளிலிருந்து முதன்முதலில் தயாரித்தனர். இன்று அதன் பெரும்பகுதி பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து வருகிறது.

சமையலறைக்கு இந்த வேறுபாடு எந்த அளவுக்கு முக்கியம் என்றால், ஓவனுக்குள் செல்லும் மாவில் ஏறத்தாழ இல்லை. ஐசிங்கில் பெரிதும் உண்டு. 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மெல்லிய மணங்கள் ஆவியாகிப் போய்விடுவதால் விலையுயர்ந்த வெனிலாவும் மலிவான எசன்ஸும் வெந்த கேக்கில் நெருங்கிவிடுகின்றன. தீயைக் காணாத பட்டர் க்ரீமிலோ அந்த மணங்கள் வெண்ணெயின் கொழுப்பில் கரைந்து தங்கி, வாயின் சூட்டில் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. வீட்டில் ஒரே ஒரு நல்ல வெனிலாக் காய் இருக்குமானால், அதைக் கீறி, உள்ளிருக்கும் கருமணிகளைக் கத்திமுனையால் வழித்து ஐசிங்கில் சேர்ப்பதே அறிவுடைமை. மேலும், வெனிலாவின் மணத்தை நுகரும்போது நாக்கு அதே உணவை மேலும் இனிப்பானதாக உணர்கிறது. ஆகவே நல்ல வெனிலா இருக்குமிடத்தில் சர்க்கரையைக் குறைக்க முடியும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் இன்னும் குறைக்கலாம். புளிப்பும் கசப்பும் இல்லாத வெனிலா கப் கேக் திகட்டாமல் நிற்பது இந்த வழியில்தான். திகட்டும் வெனிலா கப் கேக்குகளில் குற்றம் வெனிலாவினுடையதன்று, அதன் பெயரால் ஏற்றப்பட்ட சர்க்கரையினுடையது.

சாக்லேட்டுக்கு இத்தகைய சிக்கல் இல்லை, ஏனெனில் கசப்பு அதனுள்ளேயே இருக்கிறது. கோகோ விதையின் கொழுப்பைப் பிழிந்து நீக்கிப் பொடியாக்கும் அழுத்தி 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பத்தால் காப்புரிமை பெற்றது. அதே குடும்பம், அந்தப் பொடியைக் காரத்தால் பதப்படுத்தி அதன் இயல்பான புளிப்பைப் போக்கும் முறையையும் வகுத்தது. டச்சு முறைக் கோகோ எனப்படும் இந்தக் கருநிறப் பொடி மென்மையான சுவையுடையது. பதப்படுத்தாத கோகோவோ வெளிறிய நிறமும் உறைப்பான புளிப்பும் கொண்டது. புளிப்புள்ள கோகோ சமையல் சோடாவோடு வினைபுரிந்து கேக்கை எழுப்பும், காரம் ஏற்றிய கோகோ அவ்வாறு செய்யாது; ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட்டு, கேக் எழும்பாமலோ சோப்புச் சுவையடித்தோ போனதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பவர் பலர். கோகோப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் சாக்லேட் கேக் எளிதில் வறண்டுவிடும். கொதிநீரையோ சூடான காபியையோ முதலில் கோகோவின் மேல் ஊற்றிக் குழைத்துக்கொள்வதும், வெண்ணெய்க்குப் பதிலாக அறைவெப்பத்தில் இறுகாத எண்ணெயைப் பயன்படுத்துவதும் இதற்கு மாற்று. காபி சேர்த்தால் கேக்கில் காபிச் சுவை வராது. சாக்லேட்டின் கசப்பு ஆழப்படும். அமெரிக்காவில் 1919 முதல் விற்பனையாகும் ஹோஸ்டஸ் கப் கேக்கும் சாக்லேட்தான்; அதன் மேல் வெள்ளை ஐசிங்கால் இழைத்த சுருள்கோடும் உள்ளே வைத்த க்ரீமும் 1950-இல் சேர்ந்தவை.

எனினும், கப் கேக்கை உலகெங்கும் நாகரிகப் பண்டமாக்கியது தொழிற்சாலையன்று, நியூயார்க்கின் பிளீக்கர் தெருவில் 1996-இல் திறக்கப்பட்ட மக்னோலியா பேக்கரி என்னும் சிறிய கடை. வெளிர் நிறங்களில் பட்டர் க்ரீம் பூசிய அதன் கப் கேக்கை, 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொலைக்காட்சித் தொடரின் நாயகியர் கடைவாசலில் அமர்ந்து உண்ணும் காட்சி 2000-இல் ஒளிபரப்பானபின், அங்கே வாடிக்கையாளர் வரிசை தெருவரை நீண்டது. லண்டனில் 2004-இல் ஹம்மிங்பேர்ட் பேக்கரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் கேண்டஸ் நெல்சன் தொடங்கிய ஸ்பிரிங்கிள்ஸ், கப் கேக்கை மட்டுமே விற்கும் கடையாகப் பெயர்பெற்று, 2012-இல் பணம் போட்டால் கப் கேக் தரும் இயந்திரத்தையும் நிறுவியது. இந்த அலையில் பங்குச்சந்தை வரை சென்ற கிரம்ஸ் என்னும் நிறுவனம் 2014-இல் தன் கடைகளை மூடியது. பெரிய உருவமும் எண்ணற்ற சுவைகளும் அதன் அடையாளங்களாயிருந்தன. கடைகள் வந்து போயின. அந்த ஆண்டுகளில் மேலே வந்து, இன்றும் இறங்காதிருக்கும் சுவை ரெட் வெல்வெட்.

ரெட் வெல்வெட்டைச் சிவப்புச் சாயமிட்ட வெனிலா என்று கருதுவது பரவலான பிழை. அவ்வாறே செய்து விற்கும் கடைகளும் உண்டு. உண்மையான ரெட் வெல்வெட்டில் சிறிதளவு கோகோ, புளித்த மோர், வினிகர், சமையல் சோடா நான்கும் இருந்தாக வேண்டும். மோரின் புளிப்பும் வினிகரும் சோடாவோடு சேர்ந்து வாயுவை எழுப்புவதோடு, மாவின் புரதத்தைத் தளர்த்தி, துணிபோன்ற நுண்ணிய மென்மையைத் தருகின்றன. அமெரிக்காவில் முன்பே வழங்கிவந்த வெல்வெட் கேக்குகளின் பெயர் இந்த மென்மையைக் குறித்ததேயன்றி நிறத்தையன்று. புளிப்பான கலவையில் காரமேறாத கோகோ மெல்லிய செம்பழுப்பாகத் தோன்றும். அந்தச் செம்மையைப் பளிச்சென்ற சிவப்பாக்கியது புட்டிச் சாயம். டெக்சாஸ் மாநிலத்தின் ஆடம்ஸ் எக்ஸ்ட்ராக்ட் என்ற எசன்ஸ் நிறுவனம், தன் சாயப் புட்டிகளின் விற்பனையைப் பெருக்க இந்தக் கேக்கின் செய்முறையை அட்டைகளில் அச்சிட்டுக் கடைகளில் வழங்கியது இதன் பரவலுக்குப் பெரிதும் துணைசெய்தது. 1989-இல் வெளிவந்த 'ஸ்டீல் மக்னோலியாஸ்' திரைப்படத்தில், வெளியே சாம்பல் நிறமும் உள்ளே செந்நிறமுமாக, ஆர்மடில்லோ என்ற விலங்கின் வடிவில் வெட்டப்படும் மணமகன் கேக், தென்மாநிலங்களுக்கு அப்பாலும் அதைப் பேசவைத்தது.

இதன் மேற்பூச்சிலும் இரு மரபுகள் உள்ளன. பழையது எர்மின் எனப்படுவது: பாலில் மாவைக் கரைத்து அடுப்பில் கிளறிக் கூழாக்கி, முழுதும் ஆறவிட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்தெடுப்பது, நாவில் இலேசாகவும் அடக்கமான இனிப்போடும் இருக்கும். பிற்காலத்தில் அதை விஞ்சியது க்ரீம் சீஸ் ஐசிங். பாலேடு கலந்து புளிக்கவைத்த மென்மையான வெண்பாலாடைக் கட்டியான க்ரீம் சீஸின் உப்பும் புளிப்பும், அடிப்பகுதியின் மோர்ப் புளிப்பையும் கோகோவின் மெல்லிய கசப்பையும் சந்திக்கும்போது, நான்கு சுவைகள் ஒரே கடியில் கூடுகின்றன. ரெட் வெல்வெட் நிலைத்ததற்குக் காரணம் நிறமா சுவையா என்றால், கடைக்கு அழைத்தது நிறம், மறுமுறை வரவழைத்தது இந்தக் கூட்டு என்பதே பொருத்தமான விடை. க்ரீம் சீஸுக்குப் பதிலாக வெறும் இனிப்பு க்ரீமைப் பூசிவிட்டால், கூட்டின் பாதி போய்விடுகிறது; எஞ்சுவது சாயம் மட்டுமே.

சாயத்தைப் பற்றிய கவலையும் புறந்தள்ளத்தக்கதன்று. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வை அடுத்து, ஆறு செயற்கை நிறங்கள் சேர்ந்த உணவுகளில், அவை குழந்தைகளின் கவனத்தையும் செயல்துடிப்பையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்தது. எரித்ரோசின் என்னும் சிவப்புச் சாயத்துக்கு அளித்திருந்த அனுமதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. உணவுக்கு அறவே ஆகாத ரோடமின்-பி என்ற துணிச்சாயம் பஞ்சுமிட்டாயில் கண்டறியப்பட்டதால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அத்தகைய பஞ்சுமிட்டாயைத் தடைசெய்ததும் நினைவுகூரத்தக்கது. ரெட் வெல்வெட்டுக்கு அனுமதி பெற்ற நிறத்தையே, அதுவும் குறைந்த அளவில், பயன்படுத்த வேண்டும். செம்பழுப்பாக விட்டுவிட்டாலும் அதன் சுவையில் எதுவும் குறைந்துவிடாது.

எலுமிச்சைச் சுவை இங்கிலாந்தின் தேர்வு. மெல்லிய கிளேஸ் ஐசிங் முழுவதும் சர்க்கரையே ஆனதால், அதைக் குழைக்க நீருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விடுவது இனிப்பை நறுக்கென்று வெட்டிவிடுகிறது. கரண்டியின் முதுகில் படிந்து மெல்ல வழியும் பதத்தில், துளித்துளியாகச் சாறு விட வேண்டும். ஒரு தேக்கரண்டி கூடினாலும் ஐசிங் கேக்கின் ஓரமாக ஓடிவிடும். அடிப்பகுதியிலோ சாற்றைவிடத் தோலே முக்கியம்: மஞ்சள் தோலின் எண்ணெய்ப் பைகளில்தான் மணம் இருக்கிறது, சாற்றில் இருப்பது புளிப்பு. துருவிய தோலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல்களால் கசக்கினால், சர்க்கரை ஈரமாகி, மஞ்சளேறி, அந்த எண்ணெய் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டுச் சந்தையில் மலிந்து கிடைக்கும் சிறிய உருண்டை எலுமிச்சை, ஐரோப்பியர் பயன்படுத்தும் தடித்த தோலுடைய பெரிய எலுமிச்சையினின்றும் வேறான இனம். அதன் தோல் மெலிந்தது, சற்று அழுத்தித் துருவினாலும் உள்ளிருக்கும் வெண்படலத்தின் கசப்பு கலந்துவிடும்.

பிற சுவைகளைச் சுருங்கச் சொல்லலாம். சர்க்கரைக்குப் பங்கீடு நிலவிய இரண்டாம் உலகப்போர்க் கால இங்கிலாந்தில், இயல்பான இனிப்புள்ள கேரட்டைப் பண்டங்களில் சேர்க்குமாறு அரசு ஊக்கப்படுத்தியது. இன்றைய கேரட் கப் கேக்கின் இலவங்கப்பட்டை மணமும் க்ரீம் சீஸும் அமெரிக்க வழிவந்தவை. வாழைப்பழமும் அன்னாசியும் பீக்கன் கொட்டையும் சேர்ந்த ஹம்மிங்பேர்ட் கேக், 1978-இல் 'சதர்ன் லிவிங்' இதழில் வெளியான செய்முறையால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் புகழ்பெற்றது. உப்புக் கேரமலின் இன்றைய புகழுக்கு வித்திட்டவர், பிரான்சின் பிரிட்டனி கரையில் உப்பு வெண்ணெய் கொண்டு 1977-இல் கேரமல் செய்த ஆன்ரி லெ ரூ. அந்தப் பகுதியின் வெண்ணெயே உப்பிட்டதுதான். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து ஆளுநராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய லாமிங்டன், சதுரக் கேக்கைச் சாக்லேட் ஐசிங்கில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டியது. காகிதக் கிண்ணம் அதற்கு இல்லை. ஆனால் ஐசிங் எல்லாப் பக்கமும் மெல்லியதாகப் படிந்திருப்பதால், விகிதத்தைப் பொறுத்தவரை கூம்பு ஐசிங் கப் கேக்கைவிட அது தேர்ந்த ஏற்பாடு.

தமிழ்நாட்டில் கேக்குச் சுவையைத் தீர்மானிப்பதில் வெயிலுக்கும் பங்குண்டு. வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டும்போதே குழைந்து, 35-ஐ எட்டுமுன் உருகிவிடும். சென்னையின் கோடையில் பட்டர் க்ரீம் கூம்பு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அதிகநேரம் நிற்காது. ஆகவே இங்குள்ள பேக்கரிகள் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீமைப் பெரிதும் நம்பியுள்ளன. அது உருவம் கெடாமல் நிற்கும், விலையும் குறைவு; ஆனால் அதற்கெனச் சுவை இல்லை, உருகும் வெப்பநிலை கூடுதலானால் அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். சுவையற்ற வெண்மைக்குச் சுவையூட்ட வேண்டிய தேவையே, அன்னாசியையும் பட்டர்ஸ்காட்சையும் தமிழ்நாட்டு பேக்கரிகளின் நிலையான சுவைகளாக்கியது எனலாம். அன்னாசியின் புளிப்பு க்ரீமின் வெறுமையை நிரப்புகிறது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், பாலில் எடுத்த க்ரீமோடு நேரே சேர்த்தால் சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும். துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். பட்டர்ஸ்காட்சில் சுவையின் உயிர், சர்க்கரையைச் செந்நிறமாக உருக்கி முந்திரி சேர்த்து இறுக்கி நொறுக்கிய பருக்கைகளில் இருக்கிறது. அவை க்ரீமின் ஈரத்தில் இளகிவிடுமாதலால், பரிமாறும் நேரத்தில் தூவினால்தான் பல்லில் நொறுங்கும்.

அண்மைக் காலத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் பலர், ரசமலாய், ஏலக்காய், பன்னீர், ஃபில்டர் காபி எனப் பழகிய சுவைகளைக் கப் கேக்கில் ஏற்றிவருகின்றனர். இம்முயற்சிகள் பாராட்டத்தக்கவை, ஏனெனில் இவற்றில் சிறந்தவை புட்டி எசன்ஸை விட்டுப் பொருளின் உண்மையான மணத்தைத் தேடுகின்றன. ஆயினும் ரசமலாய் போன்ற இனிப்புச் சுவையை இனிப்பான க்ரீமின் மேல் ஏற்றும்போது எதிர்நிற்பதற்கு ஒன்றும் இல்லாமற்போகிறது. வறுத்த பிஸ்தாவும் சற்றுக் கூடுதலான உப்பும் அங்கே தேவைப்படுகின்றன. காபி அந்த வகையில் பொருத்தமான தேர்வு. இன்ஸ்டன்ட் காபித் தூளை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்துச் சேர்ப்பது எளிது, ஆனால் சிக்கரி கலந்த ஃபில்டர் காபியின் மணம் அதில் வராது. டிகாக்‌ஷனை அப்படியே பட்டர் க்ரீமில் ஊற்றினால், நீரை ஏற்காத வெண்ணெய் திரிந்து, தயிர்போலப் பிரிந்துவிடும். முதல் டிகாக்‌ஷனைச் சிறுதீயில் பாதியாகச் சுண்டவைத்து, நன்றாக ஆறவிட்டு, அடித்துக்கொண்டிருக்கும் க்ரீமில் அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாக விட்டால் அது திரியாமல் ஏற்றுக்கொள்ளும்; அடிப்பகுதியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்தால், காபியின் கசப்புக்கு ஏற்ற துணை கீழேயும் கிடைக்கும்.